ரோஸ் என்ற சொல்லே சாட்சி

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் தங்கை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஒக்டோபர் 6ஆம் திகதி, ஆசிரியர் தினத்தன்று, ஆறாம் தரத்துப் பிள்ளைகள் தங்கள் வாசலில் பூத்த ரோஸ் நிற ரோஜாக்களை நூலால் கட்டி அவர் கையில் கொடுத்தார்களாம். ஆசிரியர் அறையில் இருந்த ஒருவர், "சிவப்பு காதலுக்கு, வெள்ளை தூய்மைக்கு, ரோஸ் இரண்டுங்கெட்டான்" என்று சொல்லிவிட்டாராம். அது அவர் மனதில் தைத்திருக்கிறது. இந்தப் பூவுக்கு உண்மையில் என்ன பொருள், இது எங்கிருந்து நம்முடைய மலைக்கு வந்தது, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசல்களில் நிற்பது எந்த வகை, பிள்ளைகள் தந்த பூவின் கம்பை நட்டால் பிழைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கைக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரோஜாவின் சொந்த நிறமே ரோஸ்தான். இன்று கடைகளில் காணும் பளிச்சென்ற சிவப்பு மிகவும் பிந்தி வந்தது. உங்கள் சக ஆசிரியர் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

இதற்கு நூலகம் தேட வேண்டாம், நம் வாயில் இருக்கும் சொல்லே போதும். மலையகத்தில் யாரும் அன்றாடப் பேச்சில் "இளஞ்சிவப்பு" என்பதில்லை. ரோஸ் சேலை, ரோஸ் ரிப்பன், ரோஸ் முட்டாய் என்றுதான் சொல்கிறோம். பூவின் பெயரே நிறத்தின் பெயராகிவிட்டது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரும் இந்த நிறத்தை "ரோஸ பாட்ட" என்கிறார்கள். பிரெஞ்சில் இந்த நிறம் ரோஸ், இத்தாலிய மொழியில் ரோசா. பாரசீகத்தில் குல் என்றால் பூ, ஆப் என்றால் நீர். குலாப் என்றால் பூநீர். அந்தச் சொல் இந்திக்கு வந்தபோது பூவுக்கே பெயராகி, அதிலிருந்து "குலாபி" என்று இந்த நிறத்தின் பெயரும் பிறந்தது. இத்தனை மொழிக்காரர்கள் ரோஜாவைப் பார்த்துப் பெயர் வைத்தபோது சிவப்புக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. அவர்கள் கண்முன் இருந்த பூ ரோஸ் நிறத்தில் இருந்தது. ஆங்கிலம் மட்டும் விலகிப்போனது. அவர்களுடைய "பிங்க்" வேறொரு தோட்டப்பூவின் பெயரிலிருந்து வந்தது.

காட்டு ரோஜாக்களைப் பார்த்தாலும் இதே கதைதான். ரோஜா இனங்கள் நூற்றைம்பது அளவில் உள்ளன. எல்லாமே பூமியின் வடபாதியில் தோன்றியவை. அவற்றில் பெரும்பாலானவை ஐந்தே இதழ் கொண்டவை. ரோஸ் அல்லது வெள்ளை நிறம். ஐரோப்பாவின் வேலியோரங்களில் தானாக வளரும் நாய் ரோஜா வெளிர் ரோஸ். ஐரோப்பியர் நெடுங்காலம் "சிவப்பு ரோஜா" என்று அழைத்த காலிக்கா ரோஜாவை நீங்கள் நேரில் பார்த்தால் அடர் ரோஸ் என்றுதான் சொல்வீர்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் அரச குடும்பத்துச் சின்னமாகச் சரித்திரப் புத்தகங்களில் வரும் சிவப்பு ரோஜாவும் அதுதான். வாடாத, ஊதா நிறமாக மாறாத இரத்தச் சிவப்பு ஐரோப்பாவுக்குப் போனது 1790களில், சீனத்திலிருந்து. வேதியியல் சொல்வதும் இதையே. இரண்டு நிறத்துக்கும் காரணம் அந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்து நிறமிகள். இதழில் அவை அளவாக இருந்தால் ரோஸ், மிகுதியாகத் திரண்டால் சிவப்பு. சிவப்பு ரோஜாவைச் செறிந்த ரோஸ் என்று சொல்லலாம். ரோஸை நீர்த்த சிவப்பு என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

தமிழருக்கு இந்தப் பூ எப்போது வந்தது? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலைப்பெண்கள் பறித்துக் குவித்த 99 பூக்களை அடுக்குகிறார். காந்தள் இருக்கிறது, குறிஞ்சி இருக்கிறது, ரோஜா இல்லை. நீலகிரி, பழனி மலைகளில் வெள்ளைக் காட்டு ரோஜா ஒன்று இயற்கையாகவே வளர்கிறது என்றாலும் அது தோட்டத்துக்கும் கூந்தலுக்கும் வந்து சேரவில்லை. நமக்கு முதலில் வந்தது பூவின் நீர். பனிநீர் என்பதே பன்னீர் ஆயிற்று. மலையாளத்தில் இன்றும் ரோஜாவின் பெயர் பனிநீர்ப்பூ. திருமண வாசலில் பன்னீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்பிள்ளை தெளிப்பது, நிறமெல்லாம் நீங்கி வாசனை மட்டும் மிஞ்சிய ரோஸ் நிற ரோஜாவைத்தான்.

அந்தப் பூ டமாஸ்க் ரோஜா. சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்தின் பெயரைத் தாங்கியது. ஈரானிலும் துருக்கியிலும் பல்கேரியாவிலும் வட இந்தியாவின் கன்னோஜிலும் இன்றுவரை பன்னீருக்கும் அத்தருக்கும் இதைப் பயிரிடுகிறார்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் பூ வேண்டும். விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் மணம் காற்றில் போய்விடும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்த வேலையின் களைப்பை விளக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் டமாஸ்க்கின் மரபணுவைப் பரிசோதித்து, அதற்கு மூன்று மூதாதையர் என்று காட்டினார்கள். அதில் ஒன்று மத்திய ஆசியாவின் காட்டு ரோஜா. ஆகவே பன்னீரின் பிறப்பிடம் டமாஸ்கஸுக்கும் கிழக்கே இருந்திருக்க வேண்டும்.

இனி லயத்து வாசலுக்கு வருகிறேன். எனக்கு நெருக்கமான பகுதி இது.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் ஆண்டுக்கு ஒரு முறை பூத்து ஓய்ந்துவிடுபவை. டமாஸ்க்கில் ஒரு வகை மட்டும் இரண்டாம் முறை பூக்கும். சீனத்திலோ மாதந்தோறும் பூக்கும் ரோஜா பல நூற்றாண்டுகளாக வீட்டு முற்றங்களில் இருந்தது. அதன் சீனப் பெயரின் பொருளே "மாதாமாதம் ரோஸ்" என்பதுதான். பூப்பதை அடக்கிவைக்கும் மரபணு ஒன்று அந்தச் செடியில் செயலிழந்துவிட்டதால் அது ஓயாமல் பூத்தது. 18ஆம் நூற்றாண்டில் அது கப்பல்களில் மேற்கே போனது. கல்கத்தா வழியாகவும் போனதால் பிரெஞ்சுக்காரர் அந்த வகைகளை "வங்காள ரோஜா" என்றே அழைத்தார்கள். நம் இந்தியப் பெருங்கடலில், மொரீசியஸுக்குப் பக்கத்தில் உள்ள ரியூனியன் தீவில் குடியேறியவர்கள் வயலுக்கு வேலியாக இந்தச் சீன ரோஜாவையும் இருமுறை பூக்கும் டமாஸ்க்கையும் சேர்த்து நட்டார்கள். 1820க்குச் சற்று முன், அந்த வேலியில் யாரும் நடாத புதிய செடி ஒன்று முளைத்திருந்தது. டமாஸ்க்கின் மணம், சீன ரோஜாவின் ஓயாத பூப்பு, கண்ணை நிறைக்கும் ரோஸ் நிறம். தீவின் பழைய பெயர் பூர்போன். அதனால் இந்தக் கிளைக்குப் பூர்போன் ரோஜாக்கள் என்று பெயர் வந்தது. அந்த முதல் செடிதான் எட்வர்ட் ரோஜா. தமிழ்நாட்டில் மாலை கட்டுபவர்கள் இன்றும் எட்வர்ட் என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஒட்டுக்கட்டுபவர்கள் அதன் வேரில் வேறு ரோஜாக்களை ஒட்டுகிறார்கள்.

இதை எழுதும்போதெல்லாம் என் மனம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 1848இல் ரியூனியனில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான தமிழரைக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறக்கப்பட்ட நம் முன்னோர் காடு வழியே மாத்தளைக்கு நடந்து கோப்பிக் காடுகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பூவும் மனிதரும் ஒரே கடலில், ஒரே வகை முதலாளிகளின் கணக்கில் பயணம் செய்திருக்கிறார்கள்.

எங்கள் லயத்தில் எட்வர்ட் ரோஜாவுக்குப் பெயர் பன்னீர் ரோஜா. அது எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். என் தாத்தா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரை பங்களாவின் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். காலையில் முதல் வேலை, மேசைச் சாடிகளுக்கு ரோஜா வெட்டிக் கொடுப்பது. ஒரு பூவைக்கூட வீட்டுக்கு எடுத்துவர அனுமதி இல்லை. ஒருநாள் மழையில் முறிந்து விழுந்த பூவை மகளின் தலைக்கென்று மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்காக அன்றைக்கு அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து வெட்டும்போது விழும் கம்புகளுக்குக் கணக்கு இல்லை. அவை எரிக்கவேண்டிய குப்பை. தாத்தா அந்தக் கம்புகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் வாசலில் முதல் செடி. அடுத்த ஆண்டு பக்கத்துக் காம்பராவில். பத்து ஆண்டுகளில் வரிசை முழுவதும் ரோஸ் நிறத்தில் நின்றது என்று அப்பாயி சொல்வார். பங்களாவின் ரோஜா லயத்துக்கு வந்தது பரிசாக அல்ல, தேயிலைக்குச் செய்யும் அதே கவாத்தின் கழிவாக.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் என் அத்தை குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகவேண்டி வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது அத்தையின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஈரத்துணி சுற்றிய இரண்டு கம்புகள் இருந்தன. கோத்தகிரியிலிருந்து வந்த முதல் கடிதத்தில், வேலை கிடைத்ததை எழுதும் முன், ஒரு கம்பு துளிர்த்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான்தான் அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன்.

பங்களாவின் வட்டப் பாத்தியில் நின்றவை வேறு குலம். அவற்றின் பெயரிலேயே தேயிலை இருக்கிறது. 1809இல் சீனத்தின் கன்டன் நகரத்து நாற்றுப்பண்ணையிலிருந்து வெளிர் ரோஸ் நிற ரோஜா ஒன்று இங்கிலாந்துக்குப் போனது. அதன் மணம் புதிய தேயிலையின் மணத்தை நினைவூட்டியதால் அந்தக் குலத்துக்கு டீ ரோஜா என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அதை ஐரோப்பிய ரோஜாக்களோடு சேர்த்து உண்டாக்கியவை ஹைபிரிட் டீ. இன்று உலகப் பூக்கடைகளில் நீண்ட காம்போடு விற்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அவற்றில் முதலாவது என்று கருதப்படும் "லா பிரான்ஸ்", வெள்ளி மினுங்கும் ரோஸ். பிரான்ஸின் லியோன் நகரில் கீயோ என்பவர் அதை வெளியிட்ட ஆண்டு 1867. இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வழிவகுத்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867இல்தான்.

தேயிலை மணம் என்பது வெறும் கற்பனை என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் மாடிக்கு வந்ததில்லை. பரப்பிய கொழுந்து இரவெல்லாம் வாடி, விடிகாலையில் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் வாசனையில் பூ இருக்கிறது. காரணம் உண்டு. ஜெரானியோல், லினலூல் போன்ற வாசனைப் பொருள்கள் கறுப்புத் தேயிலையிலும் இருக்கின்றன, ரோஜாவிலும் இருக்கின்றன. பல்கேரிய ரோஜா எண்ணெயில் முதலில் இனங்காணப்பட்டு டமாஸ்க்கின் பெயரையே பெற்ற டமாசினோன் என்ற பொருளும் தேயிலையில் உண்டு. என் அம்மா முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். அவர் சேலைத் தலைப்பில் இருந்த வாசனையை இதற்குமேல் எனக்கு யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

மலைக்கு ரோஜா வந்த பெருவழி ஹக்கல. 1861இல் சின்கோனா மரத்தைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய தோட்டம் அது. மலேரியாவுக்கான குயினின் அந்த மரப்பட்டையில்தான் இருந்தது. 1884 முதல் பூங்காவாக மாறியது. நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில், சீதா எலிய அம்மன் கோவிலைத் தாண்டினால் வந்துவிடும். ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கும் அங்கே ரோஜாத் தோட்டத்தைப் பார்க்கவென்றே ஏப்ரல் சீசனில் கூட்டம் வருகிறது. அந்தக் குளிருக்கும் நிறத்துக்கும் தொடர்பு இருக்கிறது. வெப்பம் கூடினால் இதழில் அந்தோசயனின் குறைகிறது. ஒரே செடியைக் கொழும்பிலும் நுவரெலியாவிலும் நட்டால் கொழும்பில் வெளிறிப் பூக்கும். இங்கே கன்னம் சிவந்தாற்போல் பூக்கும். ஆனால் பனியும் மழையும் சேர்ந்தால் இலையில் கரும்புள்ளி நோய் வரும். நெருங்கிய இதழ் கொண்ட மொட்டுகள் ஈரத்தில் ஒட்டி, விரியாமலே பழுப்பாகும்.

அந்த மழையைத் தாங்குவதற்கு "குயின் எலிசபெத்" என்ற ரோஸ் நிற வகையை நான் எல்லாருக்கும் சொல்வதுண்டு. ஆள் உயரத்துக்கு மேல் வளரும், முள் குறைவு, கொத்தாகப் பூக்கும். அமெரிக்காவில் லமர்ட்ஸ் என்பவர் உருவாக்கிய அந்த ரோஜா 1954இல் வெளிவந்தது. பெயருக்குரிய ராணி இலங்கைக்கு வந்ததும் அந்த ஆண்டு ஏப்ரலில்தான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மலையில் உழைத்தவர்களை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது.

இப்போது பொருளைப் பற்றி. ஒரு பூவுக்கு ஒரே பொருள் எங்கும் இருந்ததில்லை. கிரேக்கர் ரோஜாவைக் காதல் தெய்வமான அப்ரோடைட்டுக்கு உரியதாக்கினார்கள். வெள்ளை ரோஜா இரத்தம் பட்டுச் சிவந்தது என்ற கதையால் சிவப்பு காதலோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர்களுடைய ஹோமர் விடியற்காலையை "ரோஜா விரல்கள் கொண்டவள்" என்று மீண்டும் மீண்டும் பாடுகிறார். அது ரோஸ் நிறத்தின் மிகப் பழைய பொருள்: இருட்டு முடிகிறது என்ற செய்தி. கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே உணர்வு தொடர்கிறது. நோன்பின் ஊதா நிறத்துக்கு நடுவே, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் குருவானவர் ரோஸ் உடுப்பு அணியலாம். துயரத்தின் பாதி வழியில் ஒரு மகிழ்ச்சி. நம் பகுதி ஆலயங்களிலும் திருவருகை வளையத்தில் மூன்று ஊதா மெழுகுவர்த்திகளோடு ஒரு ரோஸ் மெழுகுவர்த்தியைப் பார்த்திருப்பீர்கள்.

பூவுக்குப் பூ அகராதி எழுதும் பழக்கம் பின்னால் வந்தது. துருக்கியில் பொருள்களை அனுப்பிச் சேதி சொல்லும் வழக்கத்தைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கடிதங்களில் வியந்து எழுதினார்கள். 1819இல் பாரிஸில் பூமொழி நூல் ஒன்று வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. பிறகு விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் இத்தகைய பட்டியல்கள் ஏராளமாக அச்சாயின. அவற்றில் பொருள் பெரும்பாலும் வகைக்குத் தரப்பட்டது, நிறத்துக்கு அல்ல. டமாஸ்க் ரோஜா ஒளிரும் முகப்பொலிவைக் குறிக்கும்; சீன ரோஜா என்றும் புதிய அழகைக் குறிக்கும். அடர் ரோஸ் நன்றிக்கு, வெளிர் ரோஸ் பரிவுக்கும் மென்மைக்கும் என்று இன்று சொல்லப்படும் பங்கீடு அதற்கும் பின்னால், பூக்கடைகளின் வழியாகப் பரவியது. பிந்தியது என்பதால் அதை நான் தள்ளிவிட மாட்டேன். ரோஸ் பெண்பிள்ளைகளின் நிறம் என்பதை மட்டும் தள்ளிவிடுவேன். அது 20ஆம் நூற்றாண்டின் வியாபாரப் பழக்கம்; அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கே ரோஸ் ஏற்றது என்று சொன்ன கடைக்காரர்களும் அமெரிக்காவில் இருந்தார்கள். உங்கள் வகுப்பில் பூவைக் கட்டிவந்த பையன் யாராவது அதற்காகக் கேலி செய்யப்பட்டால் இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

ஆறாம் தரத்துப் பிள்ளைகள் எந்தப் பட்டியலையும் பார்த்துப் பூப் பறிக்கவில்லை. வீட்டில் அம்மனுக்கு வைக்கும் பூவையும், அம்மா தலையில் வைக்கும் பூவையும் உங்களுக்கென்று ஒருநாள் ஒதுக்கியிருக்கிறார்கள். நன்றி என்ற அகராதிப் பொருளும் இங்கே சரியாகப் பொருந்துகிறது. "இரண்டுங்கெட்டான்" என்றவரிடம் இரண்டுக்கும் மூத்தது என்று சொல்லலாம்.

கம்பு பிழைக்குமா என்றால், கடையில் வாங்கிய நீண்ட காம்பில் எனக்கு நம்பிக்கை குறைவு. வாசல் ரோஜா பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் பூவோடு வந்த இளங்காம்பு வேண்டாம்; பூ உதிர்ந்து முற்றிய, பென்சில் பருமனுள்ள கம்பாக ஒன்றைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிக் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, மேல் இலை இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். உருளைக்கிழங்கில் குத்தி நடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நான் செய்து பார்த்தவரை கிழங்கு அழுகிக் கம்பையும் அழுக வைக்கிறது. பாதி ஆற்றுமணலும் பாதி மண்ணும் கலந்த சாடியில் மூன்றில் இரண்டு பங்கை இறக்கி, மண்ணை இறுக்கி, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து மூடி நிழலில் வையுங்கள். ஹட்டன் பக்கத்தில் ஜூன், ஜூலை மழையில் நட வேண்டாம், அழுகிவிடும். துளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். துளிர் முதலில் வரும், வேர் பிறகுதான். ஆறு வாரம் கழித்து மெதுவாக இழுத்தால் மண் உங்கள் கையை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது போத்தலை எடுத்துவிடலாம்.